பதினாலாம் தாள்

ராசம்மாளின் நடவு செட்டில் பதினாலு பேர். குறுவை நடவு தொடங்கிவிட்டால் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையோர ஊர்களில் அந்த செட்டுக்குத்தான் முதல் அழைப்பு. நடவு மிஷின் வந்து எத்தனையோ செட்டுகள் கலைந்துபோன பிறகும் இது கலையவில்லை. வரிசை அவ்வளவு ஒழுங்கு. வயலில் இறங்கியதும் ராசம்மாள்தான் முதல் நாற்றுக் குத்தை ஊன்றுவார். பிறகுதான் மற்றவர்கள் குனிவார்கள். ஒருத்தி முன்னே ஓடுவதும் இல்லை, ஒருத்தி பின்தங்குவதும் இல்லை. யாருக்காவது கை தளர்ந்தால் பக்கத்தில் நிற்பவள் அவள் பங்கிலும் நாலு குத்து நட்டுக்கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்துவிடுவாள். வரப்பில் நிற்கும் நிலத்துக்காரருக்கு யார் தளர்ந்தாள் என்றே தெரியாது.

நான் இதைப் பார்த்து வியந்தேன். போனில் படம்கூட எடுத்தேன். ஆனால் இப்படி வேலை செய்கிறவர்களிடம் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்று மட்டும் யோசிக்கவில்லை. அதற்குத்தான் எனக்குப் பட்டம் கொடுத்திருந்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

என் பெயர் ஹாஃபிஸா. தஞ்சாவூர் கீழவாசல். உளவியல் படித்துவிட்டு, கயல்விழி என்ற ஆராய்ச்சி மாணவிக்கு உதவியாளராக இருந்தேன். கயல்விழி ராசம்மாளின் மகள். வெளிநாட்டில் உருவான ஒரு கேள்வித்தாளைத் தமிழுக்குக் கொண்டுவருவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு நாள் கோபம், ஒரு நாள் கவலை இல்லை. மாதக்கணக்கில் ஆளை அரித்துக்கொண்டே இருக்கிற மன அழுத்தத்தை அளக்கிற தாள் அது. இருபத்துநாலு கேள்விகள். ‘இல்லவே இல்லை’ என்றால் பூஜ்யம், ‘எப்பவும்’ என்றால் நாலு. கூட்டினால் அதிகபட்சம் தொண்ணூற்றாறு.

தமிழில் எழுதிவிட்டால் மட்டும் போதாது. அது சரியாக அளக்கிறதா என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரே ஆளிடம் இரண்டு வாரம் விட்டு மறுபடி அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். ஏறக்குறைய அதே எண் வந்தால் தாளை நம்பலாம். நாலு ஊர்களில் அறுபது பெண்கள் என்று திட்டம். மூன்று ஊர் முடிந்திருந்தது. கடைசி ஊர் கயலின் சொந்த ஊர். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவே காலாவதியாகிவிடும்.

கயலின் வீட்டில் எனக்கு ராஜ உபசாரம். அவளுடைய தாத்தா ஒரு பண்ணையில் ஆளாக நின்றவர். அப்பா கோவிந்தராசுவுக்கு இப்போது சொந்தமாக எட்டு மா, இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேல், நிலம். அண்ணன் இனியவன் பூதலூரில் டிராக்டர் பட்டறை வைத்திருந்தான். அவன் மனைவி செம்மொழி. கயல் அவளை அண்ணி என்று கூப்பிட்டதால் நானும் அண்ணி என்றேன். அவளோ என்னை அக்கா என்றாள். எங்களில் யார் மூத்தவள் என்பது கடைசிவரை தீரவில்லை.

அந்தக் கேள்வித்தாள் பிறந்தது செம்மொழியின் அடுப்படியில்தான். அதற்கு முன்னால் நாங்களும் துறைப் பேராசிரியர்களும் சேர்ந்து ஒரு தமிழாக்கம் செய்திருந்தோம். ‘பொறுப்புகளின் பெருஞ்சுமையால் நான் அமிழ்த்தப்படுவதாக உணர்கிறேன்’ என்று ஒரு வாக்கியம். அதை ராசம்மாளிடம் படித்துக் காட்டியபோது, “ரேடியோ செய்தி மாதிரி இருக்கு பாப்பா” என்றார். அதோடு அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கயல் அடுப்படிக்குள் போய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் நோட்டும் பேனாவுமாகக் கதவில் சாய்ந்துகொண்டேன்.

செம்மொழி கெண்டை மீனைச் சட்டியில் போட்டு உரசிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, வேல ரொம்ப ஜாஸ்தி, சமாளிக்கவே முடியலன்னா நம்ம ஊர்ல எப்புடி சொல்லுவாங்க?”

“வேல முடிஞ்சாலும் முடிஞ்ச மாதிரியே இல்லம்பாங்க.”

“சூப்பர் அண்ணி! ஹாஃபி, எழுதிக்க. அடுத்தது, எப்பப் பாத்தாலும் ஒரு பதட்டம். அதுக்கு?”

செம்மொழி செதிலை வழித்துப்போட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். “யாராச்சும் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலே, என்ன தப்புப் பண்ணுனமோன்னு திக்குங்குதும்பாங்க.”

“ஐயோ, அப்படியே இருக்கே! பசி, சாப்பாடு பத்தி ஒண்ணு இருக்கு.”

“சாப்புட ஒக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குதும்பாங்க.”

ஒன்பதாம் கேள்வி அது. நல்ல வாக்கியம் என்று நான் இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். இப்படிப் பத்துப் பதினைந்து நாள் நடந்தது. வெங்காயம் உரிக்கும்போது ஒன்று, துணி பிழியும்போது ஒன்று, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வரும்போது ஒன்று. ஒருநாள் தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே, நாங்கள் கேட்காமலேயே சொன்னாள்: “நான் இல்லாட்டியும் இந்த வீடு நடக்கும், என் வேல இல்லாட்டிதான் நடக்காதும்பாங்க.” அதைக் கேட்டுக் கயல் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருபத்துநாலாம் கேள்வியாக அதைத்தான் வைத்தோம்.

வல்லுநர் குழுவில் ஆறு பேர் அந்தத் தாளைப் பார்த்தார்கள். கேள்விகளுக்கு உயிர் இருக்கிறது என்று ஒருவர் எழுதியே அனுப்பினார். கயலின் வழிகாட்டி பிரபு சார் எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர்கள் பெயர், நூலகர் பெயர் எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் ‘பேச்சு வழக்குக்கு உதவிய கிராமத்துப் பெண்களுக்கும்’ என்று ஒரு வரி சேர்த்தோம். தட்டச்சு செய்தது நான்தான்.

முதல் சுற்றுக் கேள்விகளை ஆனி மாத நடுவில், நடவு வயலில் வைத்தே கேட்டோம். மத்தியானச் சோற்று நேரம். வாய்க்கால் ஓரப் புங்கமரத்தடியில் பதினாலு பேரும் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். கால்களில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. ஒருத்தியின் தூக்குவாளியிலிருந்து கத்தரிக்காய்க் கருவாட்டுக் குழம்பு எல்லோருக்கும் ஒரு கரண்டி போனது. எனக்கும் வந்தது.

தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது விதி. “தனியாவா? எதுக்கு?” என்றார் ராசம்மாள். “ஒவ்வொருத்தியா கேட்டா பொழுது போயிரும் பாப்பா. நான் சொல்றேன். பின்னாடியே அவளுவ சொல்லிருவாளுவ.”

நான் கயலைப் பார்த்தேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சரி என்று தொடங்கினோம்.

“போன மூணு மாசத்துல, வேல முடிஞ்சாலும் முடிஞ்ச மாதிரியே இல்லன்னு தோணியிருக்காம்மா?”

“நமக்கென்ன கொறச்சல்? கையும் காலும் நல்லாருக்கு. இல்லவே இல்லன்னு போடு.”

“எனக்கும் அதேதான்” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “எனக்கும்.” “எனக்கும் போட்டுக்க தாயீ.” வரிசையாக வந்தது.

நடுவில் ஒருத்தி குரலைத் தாழ்த்தி மற்றவர்களிடம் சொன்னாள்: “ராசம்மாக்கா மவ டாக்டராவப் போவுது. நம்மளால அது கெட்டுப்போவக் கூடாது. நல்லதாவே சொல்லுங்கடி.” எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி முன்னே, ஒருத்தி பின்னே இல்லாமல் அத்தனை பேரும் எங்களுக்காக ஒழுங்காக நட்டுக்கொடுத்தார்கள். தூக்கம், அலுப்பு பற்றிய நாலு கேள்விகளுக்கு மட்டும் ராசம்மாள் முழங்கால் வலியைச் சொல்லி ‘எப்பவாவது’, ‘சில நேரம்’ என்றார். உடனே பதினாலு பேருக்கும் முழங்கால் வலித்தது.

வரிசையின் கடைசியில் செம்மொழி. படித்த மருமகள், ஆனாலும் நடவுக்கு வந்துவிடுவாள். மாமியாருக்கு நேர் எதிரில் உட்கார்ந்து, வாளியில் மிச்சமிருந்த நீராகாரத்தைக் குடித்தபடி ஒவ்வொரு கேள்விக்கும், “எனக்கும் அதேதான்க்கா” என்றாள். கூட்டிப் பார்த்தால் ஏழு. அவளுடைய தாளுக்குப் பதினாலு என்று எண் போட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது கயல், “மார்க்கெல்லாம் ரொம்பக் கம்மியா இருக்கே ஹாஃபி?” என்றாள். “ஒடம்பு ஒழைக்கிறவங்களுக்கு மன அழுத்தம் கம்மியாத்தான் இருக்கும்” என்று நான் சொன்னேன். கல்வெட்டில் வெட்டி வைக்க வேண்டிய அறிவு.

இரண்டு வாரம் கழித்து மறுசுற்றுக்கு நான் மட்டும் போனேன். கயல் போனால் பதில் மாறிவிடும் என்று பிரபு சார் சொல்லியிருந்தார். நடவு முடிந்து பெண்கள் வீட்டில் இருந்தார்கள். வீடு வீடாகப் போனேன். “போன தடவ சொன்னதையே போட்டுக்க பாப்பா” என்றார்கள். சொன்னதையே சொன்னார்கள். ஞாபகசக்திக்கு நூற்றுக்கு நூறு தரலாம். பதிமூன்று தாள் முடிந்தது.

செம்மொழி வீட்டில் இல்லை. மாமாவுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறாள் என்று ராசம்மாள் சொன்னார். வயலுக்கு நடந்தேன். ஊன்றிய நாற்றெல்லாம் பச்சை பிடித்து நின்றது. காற்று சூடாக அடித்தது. கோவிந்தராசு தூரத்தில் மேலண்டை வரப்பை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். செம்மொழி பம்புசெட் கொட்டகை நிழலில் தூக்கு கழுவிக்கொண்டிருந்தாள். என்னையும் கையில் இருந்த தாளையும் பார்த்தாள். எழுந்துபோய் ஸ்டார்ட்டரை அழுத்தினாள். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

“வயல்ல தண்ணி நிக்கிதே அண்ணி?”

“கொஞ்ச நேரம் ஓடட்டும்க்கா. நீங்க கேளுங்க.”

முதல் கேள்வியைப் படித்தேன்.

“எப்பவும்” என்றாள்.

இரண்டாவது. “எப்பவும்.” மூன்றாவது. “அடிக்கடின்னு போடுங்க.” நாலாவதுக்கு மறுபடி “எப்பவும்” என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். அதை நான் மறைக்கப் போவதில்லை.

“அண்ணி, வெளையாடாதீங்க. வெயில்ல நடந்து வந்துருக்கேன்.”

“நான் எங்கக்கா வெளையாடுறேன்?”

அவள் முகத்தைப் பார்த்தபிறகு சிரிப்பு நின்றது. மோட்டார் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேள்விகளைக் கேட்டேன். அவளும் குரலை உயர்த்தித்தான் பதில் சொன்னாள். ஒன்பதாம் கேள்விக்கு எப்பவும். அதற்கு அடுத்ததற்கும் எப்பவும். பதினெட்டாம் கேள்வி நடக்கும்போது கரண்ட் போய் மோட்டார் பட்டென்று நின்றது. “எப்பவும்” என்று அவள் சொன்னது வயல் முழுக்கக் கேட்டது. வரப்பில் கோவிந்தராசு நிமிர்ந்து பார்த்தார். செம்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் குனிந்து மண்ணை வெட்டத் தொடங்கிய பிறகு மிச்ச ஆறு கேள்விகளுக்கும் காதோடு சொல்வதுபோல் சொன்னாள்.

கூட்டினேன். எண்பத்தொன்று.

“போன தடவ ஏழுதான் வந்துச்சு அண்ணி.”

“போன தடவ அத்த எதுத்தாப்புல ஒக்காந்திருந்தாங்க.”

மறுசுற்றுத் தாளின் அடியில் ஒரு கட்டம் உண்டு. இடைப்பட்ட இரண்டு வாரத்தில் வாழ்க்கையில் பெரிதாக ஏதாவது நடந்ததா என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும். சாவு, நோய், விபத்து என்று ஏதாவது நடந்திருந்தால் அந்த ஆளின் தாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதைக் கேட்டேன்.

“ஒண்ணும் நடக்கலக்கா” என்றாள். தூக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அதான்” என்றாள்.

பிறகு அவளாகப் பேசினாள். திருவையாற்றில் பி.எஸ்சி. கணக்கு முடித்தது, கல்யாணமான வருஷம் பி.எட். இடம் கிடைத்தது, சேரப் போகிற சமயத்தில் கயல் ஆராய்ச்சியில் சேர்ந்தது. “ஒரு வீட்டுல ரெண்டு பேரு பொஸ்தகத்தத் தூக்குனா அடுப்ப யாரு பாக்குறதுன்னாங்க அத்த. கயலு முடிக்கட்டும், அப்பறம் நீ போன்னாங்க. அவங்க கெட்டவங்க இல்லக்கா. நான் போவமாட்டேன்னும் சொல்லல. நாலு வருசம் ஆயிருச்சு.”

“அண்ணங்கிட்ட சொல்லலாமே?”

“சொன்னா, அம்மாகிட்ட பேசுறேம்பாரு. பட்டறைலேந்து வந்து படுத்துருவாரு.” தூக்கு மூடியைப் புடவையில் துடைத்தாள். “இந்தக் கேள்வியெல்லாம் நான் சொன்னதுதான? எங்கேருந்து எடுத்துச் சொன்னேன்னு நெனச்சீங்க?”

“ஊர்ப் பேச்சுன்னு நெனச்சோம்.”

“ஊர்ல யாருக்கா இப்புடிப் பேசுறா? கேட்டுப் பாத்தீங்களா?”

கேட்டுப் பார்க்கவில்லை. பத்துப் பதினைந்து நாள் கதவில் சாய்ந்து நின்று ஒரு பெண் தன் வயிற்றெரிச்சலைச் சொல்லச்சொல்ல, நல்ல வாக்கியம் நல்ல வாக்கியம் என்று நோட்டில் எழுதியிருக்கிறோம். எனக்குக் காது சுட்டது. தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

“இதக் கயலுகிட்ட குடுங்கக்கா. படிக்கட்டும். அப்பறம் ஒண்ணு, பி.எட். அப்ளிகேஷனுக்கு வர்ற வெள்ளிக்கெழம கடைசி. சர்டிபிகேட்டெல்லாம் அத்த பீரோவுல இருக்கு. நான் வாயத் தொறந்து கேட்டா என்ன நெனப்பாங்களோ. கயலு ஒரு வார்த்த சொன்னா அத்த கேப்பாங்க. நீங்க கயலுகிட்ட சொல்லிருங்கக்கா.”

“கண்டிப்பா சொல்றேன் அண்ணி” என்றேன்.

மறுநாள் துறையில் கயல் அந்தத் தாளை மேஜைமேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “தப்பா எழுதிட்டியா ஹாஃபி?” என்று முதலில் கேட்டாள். இல்லை என்றேன். “என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?”

“படிப்பப் பத்திச் சொன்னாங்க. பி.எட். பத்தி.”

அவள் முகம் மாறிவிட்டது. “அம்மா அதச் சொன்னப்ப நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. பொஸ்தகத்த மூடுனேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி தொறந்துட்டேன்.”

அந்த ஒரு தாளைச் சேர்த்தால் பிரபு சார் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், ராசம்மாள் முன்னால் வரிசையாக வாங்கிய பதினாலு தாளும் செல்லாது. எல்லோரையும் தனித்தனியாகப் பிடித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகஸ்ட் முப்பத்தொன்று போய்விடும். இதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கயல் விரலைக் கொண்டுபோய்த் தாளின் அடியில் இருந்த கட்டத்தின்மேல் வைத்தாள். ‘இல்லை’ என்ற இடத்தில் நான் பென்சிலால் போட்டிருந்தேன்.

“இது ஆம்னு இருந்துச்சுன்னா, அந்தத் தாள விதிப்படியே எடுத்துரலாம்” என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

ரப்பரால் அழித்ததும் நான்தான், ‘ஆம்’ என்ற இடத்தில் பேனாவால் குறித்ததும் நான்தான். என்ன நிகழ்வு என்று எழுத ஒரு கோடு இருந்தது. உடல்நலக்குறைவு என்று எழுதினேன். கயல் சீக்கிரம் முடித்தால் அண்ணிக்கும் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் வீட்டுக்குப் போகும்வரைகூடத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விஷயத்தை நான் கயலிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றால் பொய். அந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிட்டு, அதைக் கொடுத்தவள் சொல்லியனுப்பிய தேதியை மட்டும் எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். வெள்ளியும் வந்தது, போனது.

கணக்கு அருமையாக வந்தது. இவ்வளவு உறுதியான எண்ணைத் தமிழில் பார்த்ததில்லை என்றார் பிரபு சார். ஆய்வேட்டின் வரைவைச் சுருள்கம்பி போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு, பதினெட்டாம் பெருக்கன்று கயலும் நானும் ஊருக்குப் போனோம்.

குடமுருட்டியில் இரு கரை தொட்டுத் தண்ணீர். படித்துறையெல்லாம் மஞ்சள் கயிறும் வெற்றிலையும் பூவுமாகக் கூட்டம். ராசம்மாள் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணியும் காப்பரிசியும் படைத்து, பக்கத்தில் கயலின் வரைவையும் வைத்துக் கற்பூரம் காட்டினார். அதன் அட்டையில் மஞ்சளைத் தொட்டு வைத்தார். “எங்க பரம்பரையில மொத பொஸ்தகம் பாப்பா இது” என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியது. நான் தண்ணீரைப் பார்த்தேன்.

கரையில் மருதமர நிழலில் எல்லோரும் உட்கார்ந்தோம். புளியோதரை, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, மோர்மிளகாய், வாழைக்காய் வறுவல். விடிவதற்கு முன்பே எழுந்து அத்தனையும் செய்தவள் செம்மொழி. எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வரைவை மடியில் வைத்துப் புரட்டினாள். எழுத்துகளைத் தள்ளிக்கொண்டே போய் எண்கள் இருக்கும் பக்கத்தில் நின்றாள். கணக்குப் படித்தவள். அவளுடைய விரல் ஒரு வரிசையில் இறங்கி நின்றுவிட்டது.

“கயலு, நம்ம ஊருக்குப் பதிமூணுன்னு போட்டிருக்கு? செட்டுல பதினாலு பேராச்சே.”

கயல் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அது ஒரு டெக்னிக்கல் விஷயம் அண்ணி” என்றாள்.

செம்மொழி பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பை மெதுவாக, சத்தம் போட்டுப் படித்தாள். “இடைப்பட்ட காலத்தில் வாழ்வில் முக்கிய நிகழ்வு ஏற்பட்டதால் ஒருவர் நீக்கப்பட்டார்.” நிமிர்ந்து கயலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “அக்கா, எனக்கு என்ன நடந்துச்சு?”

இனியவன் போனை வைத்துவிட்டு, “என்ன, என்ன?” என்றான்.

“ஒடம்பு சரியில்லன்னு எழுதுனேன் அண்ணி” என்றேன். “நான்தான் எழுதுனேன்.”

“யாருக்கு ஒடம்பு சரியில்ல?” என்றார் ராசம்மாள் வியப்பாக. “இவளுக்கா? ஒரு நாளு படுத்திருக்காளா இவ? ஒரு நாளு ஒலையேத்தாம இருந்திருக்காளா?” சொல்லிக்கொண்டே வந்தவர், தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல நிறுத்திக்கொண்டார்.

கயல் இலையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு, எண்பத்தொன்று, கட்டம், ரப்பர், எல்லாம். பக்கத்து அறையில் புத்தகத்தை மூடித் திறந்ததையும் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். பக்கத்து மரத்தடிக் குடும்பம் திரும்பிப் பார்த்தது.

ராசம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. “எம்மேல பிராது எழுதிக் குடுத்துருக்காளா? நான் இவள என்ன கொடும பண்ணுனேன்? சொல்லச் சொல்லு, இப்ப சொல்லச் சொல்லு!”

செம்மொழி வரைவை மூடி, அதன்மேல் விழுந்திருந்த சோற்றுப் பருக்கையை எடுத்துப் போட்டாள்.

கோவிந்தராசு அதுவரை தலை குனிந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “கத்தாத ராசம்மா” என்றார். “அன்னைக்கு மோட்டாரு நின்னப்ப எனக்கும் கேட்டுச்சு. என்னான்னு கேக்காம மண்ண வெட்டிக்கிட்டு நின்னுட்டேன். எங்கப்பாவ பண்ணையில எப்புடிடா இருக்கன்னு கேப்பாங்க. முதுவு வீங்கிக் கெடக்கும். ஒங்க புண்ணியத்துல நல்லாருக்கேங்கய்யாம்பாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துருக்கேன்.” “நம்ம வீட்டுல ஒரு புள்ளய அப்புடி சொல்ல வச்சிட்டமே.”

ராசம்மாள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். இனியவன் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கயல் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். “நாளைக்கே சார்கிட்ட சொல்லிடுறேன் அண்ணி. எல்லார்கிட்டயும் மொதல்லேருந்து மறுபடி கேக்குறேன். பதிவு போனாப் போவட்டும், கெஞ்சிக் கேட்டு இன்னொரு வருசம் வாங்கிக்கிறேன். நான் முடிக்கிறவரைக்கும் நீங்க காத்திருக்க வேணாம். அம்மா பீரோவத் தொறந்து நானே சர்டிபிகேட்ட எடுத்துத் தரேன். பி.எட்.டுக்கு எப்ப அண்ணி கடைசி?”

செம்மொழி கயலை நிதானமாகப் பார்த்தாள். அவள் கேள்வி உண்மையானது என்பதும், அவளுக்கு எதுவுமே தெரியாது என்பதும் செம்மொழிக்கு அப்போதுதான் புரிந்தது. என் பக்கம் திரும்பினாள். கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

“அக்காகிட்ட சொல்லியனுப்புனேனே” என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “அந்த வார வெள்ளிக்கெழமையே முடிஞ்சுபோச்சு. நான் சொல்லல” என்றேன். படித்துறையில் யாரோ பெண்கள் தண்ணீரில் பூவை விட்டுக் குலவையிட்டார்கள்.

செம்மொழி எழுந்து, புளியோதரைத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்து என் இலைமுன் குனிந்தாள். இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

“சாப்புடுங்கக்கா. எறும்பு வருது.”

ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தேன். ஒன்பதாம் கேள்விக்கு அடிக்கோடு போட்டவள் நான். அன்றைக்கு அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.